துபாயில் வீடு: ‘மாசம் 1 பர்சென்ட்’ கணக்கில் சொல்லாமல் விடுவது என்ன?

“மாசம் ஒரு பர்சென்ட்தான் சார். கார் இ.எம்.ஐ. மாதிரி நினைச்சுக்கோங்க.”

சென்னை நட்சத்திர ஹோட்டல்களில் வார இறுதியில் நடக்கும் துபாய் பிராப்பர்ட்டி ஷோக்களுக்குள் போனவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் வெளியே வந்திருக்க மாட்டார்கள். ஏ.சி. ஹால், மேஜை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் மினியேச்சர் கட்டடம், கையில் டேப்லெட்டோடு கோட் சூட் இளைஞர். ஹாலுக்குப் போகாதவர்களுக்கும் தப்பில்லை. இன்ஸ்டாகிராமில் ஒரே ஒரு துபாய் ரீலை முழுசாகப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு ஃபீட் முழுக்க புர்ஜ் கலிஃபாதான்.

துபாயில் வீடு வாங்கும் வெளிநாட்டவர்களில் இந்தியர்கள் பல ஆண்டுகளாகவே முன்வரிசையில் இருக்கிறார்கள். முன்பு அது தொழிலதிபர்கள், சினிமாக்காரர்கள் விஷயம். இப்போது குறிவைக்கப்படுவது ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர். அவருக்கென்றே தயாரானதுதான் இந்த ‘1 பர்சென்ட்’ திட்டம்.

நேராகச் சொல்லிவிடலாம். துபாயிலேயே வேலை பார்த்து, அங்கேயே குடும்பத்தோடு வாழும் ஒருவருக்கு அங்கே வீடு வாங்குவது நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் சென்னையில் சம்பளம் வாங்கி சென்னையில் வாழும் ஒருவருக்கு, கட்டி முடிக்காத துபாய் ஃப்ளாட்டைத் தவணையில் வாங்குவது பொருந்தாத சட்டை. துபாய் மோசம் என்பதல்ல காரணம். சிக்கலில் பாதி இந்தியச் சட்டத்தில் இருக்கிறது, மீதி அந்தத் தவணை ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஷோவில் இந்த இரண்டையும் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு பர்சென்ட் என்றால் எவ்வளவு?

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். 31 வயது ஐ.டி. ஊழியர், ஆண்டுச் சம்பளம் 26 லட்சம் ரூபாய். மனைவியும் வேலைக்குப் போகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 2.75 லட்சம் கைக்கு வருகிறது. அவர்கள் பார்ப்பது 6 லட்சம் திர்ஹம் விலையுள்ள ஸ்டூடியோ ஃப்ளாட். ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் 1.44 கோடி ரூபாய்.

திட்டம் இப்படி: புக்கிங்கின்போது 20%, பிறகு 40 மாதங்களுக்கு மாதம் 1%, சாவி வாங்கும்போது மீதி 40%.

இந்த ‘ஒரு பர்சென்ட்’ வட்டி இல்லை, வீட்டின் முழு விலையில் ஒரு பர்சென்ட். அதாவது மாதம் 6,000 திர்ஹம், நம் காசில் 1.44 லட்சம். எந்த ஊரில் கார் இ.எம்.ஐ. இவ்வளவு வருகிறது என்று தெரியவில்லை. கணவன், மனைவி சம்பளத்தில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

முதலில் போட வேண்டிய 20% என்பது 1.2 லட்சம் திர்ஹம், 28.8 லட்சம் ரூபாய். அதோடு துபாய் நிலத் துறைக்குக் கட்ட வேண்டிய 4% பதிவுக் கட்டணம் இருக்கிறது. 2013 வரை 2% ஆக இருந்தது, பிறகு இரட்டிப்பானது. அது 24,000 திர்ஹம், 5.76 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்று பார்த்தால் துபாய் மலிவு என்பார் ஏஜென்ட். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரிதான்.

ஆக முதல் நாளே 34.56 லட்சம் வேண்டும். இந்தப் பணம் இங்கே உள்ள வங்கிக் கணக்கில் இருந்து கிளம்பி துபாய் போக வேண்டும். கதை சூடு பிடிப்பது இங்கேதான்.

வங்கி கவுன்டரில் நடப்பது

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் வீடு வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, எடுத்த எடுப்பிலேயே ‘வெளிநாட்டில் அசையாச் சொத்து வைத்திருக்கக் கூடாது, அனுமதிக்கப்பட்ட வழிகளைத் தவிர’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அனுமதிக்கப்பட்ட வழிகளில் சாதாரண சம்பளக்காரருக்குத் திறந்திருக்கும் கதவு எல்.ஆர்.எஸ். திட்டம். ஒரு நபர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருப்பதால், அது ஏறக்குறைய 9.18 லட்சம் திர்ஹம். நம் உதாரண ஃப்ளாட் அந்த வரம்புக்குள் வருகிறது. நெருங்கிய உறவினர்கள் தங்கள் வரம்பைச் சேர்த்தும் வாங்கலாம்.

வரம்பு பிரச்னை இல்லை. பிரச்னை டி.சி.எஸ். வெளிநாட்டில் சொத்து வாங்க ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், கூடுதல் தொகையில் 20% வரியை வங்கி அங்கேயே பிடித்துக்கொள்ளும். 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. கணவர் கணக்கில் இருந்து மட்டும் 34.56 லட்சம் போனால் டி.சி.எஸ். 4.91 லட்சம். மனைவியும் பாதி அனுப்பினால் ஆளுக்கு 10 லட்சம் கழிவு கிடைக்கும். இருவருக்கும் சேர்த்து 2.91 லட்சமாகக் குறையும்.

டி.சி.எஸ். செலவு இல்லை, முன்கூட்டியே கட்டும் வரி. வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் இருந்து, பிடிக்கப்பட்ட டி.சி.எஸ். விவரத்தை அலுவலகத்தில் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்ஸைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் 26 லட்சம் சம்பளக்காரர் புதிய வரி முறையில் ஆண்டு முழுக்கக் கட்டும் வரியே சுமார் 3.5 லட்சம்தான். மிச்சம் ரீஃபண்டாக வரும் வரை காத்திருக்க வேண்டும். அதே நிதியாண்டில் அனுப்பும் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் 28,800 ரூபாய் தனியாகப் பிடிப்பார்கள். 1.44 லட்சம் கட்ட 1.73 லட்சம் எடுத்து வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் சில ஏஜென்ட்கள் ‘ஐடியா’ கொடுப்பார்கள். முதல் ஐடியா: “கிரெடிட் கார்டுல டோக்கன் அமௌண்ட் தேச்சிடுங்க சார்.” வெளிநாட்டில் வீடு வாங்குவது மூலதனக் கணக்குப் பரிவர்த்தனை. அதற்கு கிரெடிட் கார்டு வழி இல்லை. இரண்டாவது ஐடியா: வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று எழுதிவிடுவது. சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கென்று தனியாக எஸ்0005 என்ற குறியீடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எழுதுவது பொய்ச் சான்று. அதைவிட வேடிக்கை, குடும்பப் பராமரிப்புக்கு அனுப்பினாலும் 10 லட்சத்துக்கு மேல் அதே 20%தான். பொய் சொல்லியும் லாபம் இல்லை.

மூன்றாவது ஐடியாதான் ஆபத்து. “ரொக்கமா இங்க குடுங்க, அங்க வந்துடும்.” இதற்குப் பெயர் ஹவாலா. ஃபெமாவை மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். வெளிநாட்டில் விதியை மீறி வாங்கிய சொத்தின் மதிப்புக்குச் சமமாக, இந்தியாவில் இருக்கும் சொத்தைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. துபாய் ஸ்டூடியோவுக்காக மேடவாக்கம் ஃப்ளாட்டை இழக்கும் நிலை வரலாம் என்று பிரசுரத்தில் அச்சிட மாட்டார்கள் அல்லவா.

கடன் வாங்கலாமா என்ற கேள்விக்கும் பதில் கசப்புதான். எல்.ஆர்.எஸ்ஸில் மூலதனப் பரிவர்த்தனைக்காகப் பணம் அனுப்ப வங்கிகள் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. துபாய் வங்கியில் வீட்டுக்கடன்? அந்த வங்கி தரத் தயாராக இருக்கலாம். ஆனால் இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் இருந்து கடன் வாங்க ஃபெமா கட்டுப்பாடுகள் இருக்கின்றன. தனிநபருக்குப் பொதுவாகத் திறந்திருப்பது வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரிடம் வாங்கும் வழிதான். சாவி கொடுத்த பிறகும் இரண்டு, மூன்று வருடம் தவணை ஓடும் ‘போஸ்ட் ஹேண்ட்ஓவர்’ திட்டங்களைப் பற்றியும் பட்டயக் கணக்காளர்கள் எச்சரிக்கிறார்கள். வீடு கைக்கு வந்துவிட்டது, பணம் பாக்கி இருக்கிறது என்றால் அது பில்டர் கொடுத்த கடன் போலத்தானே தெரியும்?

இப்போது நம் உதாரணத் தம்பதியின் கடைசித் தவணையைப் பாருங்கள். சாவி வாங்கும்போது 40%. அதாவது 2.4 லட்சம் திர்ஹம், இன்றைய கணக்கில் 57.6 லட்சம் ரூபாய். கடன் வழி அடைபட்டிருக்கிறது. நாற்பது மாதம் சம்பளத்தில் பாதியைக் கட்டிய பிறகு மிச்சத்தில் சேமித்து இதைத் திரட்ட வேண்டும். ரூபாய் சும்மா இருக்குமா? 2015-ல் ஒரு திர்ஹம் சுமார் 17 ரூபாய். ஆண்டுக்கு 3% சரிவு என்று வைத்தாலும், மூன்று வருடத்தில் 24 என்பது 26.20 ஆகும். கடைசித் தவணை கிட்டத்தட்ட 63 லட்சமாகிவிடும்.

“அது வரைக்கும் எதுக்கு சார்? அதுக்கு முன்னாடியே வித்துடலாம்” என்பதுதான் இதற்கு ஏஜென்ட் தரும் பதில். உண்மையில் அந்த 1% திட்டம் ஓடுவதே இந்த நம்பிக்கையில்தான். விற்க முடியாமல் போனால்?

நடுவில் நிறுத்தினால்

இந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கட்டி முடிக்காத வீடுகளை விற்பதற்கு துபாயில் 2008-ம் ஆண்டின் 13-ம் எண் சட்டம் இருக்கிறது, பிறகு திருத்தப்பட்டது. வாங்கியவர் தவணை கட்டத் தவறினால் பில்டர் நிலத் துறையிடம் போவார். நிலத் துறை 30 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்குள் கட்டவில்லை, சமரசமும் ஆகவில்லை என்றால் பில்டர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கட்டுமானம் 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், வீட்டு விலையில் 40% வரை அவர் வைத்துக்கொள்ளலாம். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 25% வரை.

திரும்பப் படியுங்கள். கட்டிய பணத்தில் 40% அல்ல. வீட்டின் விலையில் 40%.

நம் உதாரணத்தில் இருபதாவது மாதம் கணவருக்கு லேஆஃப் என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி. துறையில் இதைக் கற்பனை செய்யப் பெரிய முயற்சி தேவையில்லை. அதுவரை புக்கிங் 20%, தவணை 20% என 40% கட்டியாகிவிட்டது. 2.4 லட்சம் திர்ஹம். கட்டடம் 60% தாண்டியிருந்தால் பில்டர் சட்டப்படியே மொத்தத்தையும் வைத்துக்கொள்ளலாம். 57.6 லட்சம் ரூபாய் போச்சு. தாண்டவில்லை என்றால் 1.5 லட்சம் திர்ஹம், அதாவது 36 லட்சம் ரூபாய் போகும். மீதி 90,000 திர்ஹம் திரும்ப வரும், அதற்கும் ஒரு வருடம் வரை ஆகலாம். பதிவுக் கட்டணம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இது மோசடி இல்லை என்பதுதான் முக்கியம். சட்டம் இதைத் திறந்த புத்தகமாக வைத்திருக்கிறது. பில்டருடைய பணத் தேவை நிற்காமல் இருக்க, வாங்குபவர் பாதியில் ஓடாமல் இருக்க எழுதப்பட்ட சட்டம். அங்கே சம்பளம் வாங்குகிறவர், கூடப் பேசி அவகாசம் கேட்க நிலத் துறை அலுவலகத்துக்கு நேரில் போகலாம். சென்னையில் இருப்பவர் நோட்டீஸை இமெயிலில் பார்ப்பார்.

நடுவில் வேறொருவருக்குக் கைமாற்றி விற்கலாம் என்பதும் நினைத்த நேரத்தில் நடக்காது. பல ஒப்பந்தங்களில் விலையில் 30% அல்லது 40% கட்டிய பிறகுதான் பில்டர் தடையில்லாச் சான்று தருவார். அந்த நேரத்தில் அதே கட்டடத்தில் அதே மாதிரி ஸ்டூடியோவை விற்க இன்னும் நூறு பேர் வரிசையில் இருக்கலாம். ஏனென்றால் அவர்களிடமும் ஏஜென்ட் இதே “வித்துடலாம்” கதையைத்தான் சொல்லியிருப்பார்.

விலை ஏறிக்கொண்டே இருக்குமா?

2002-ல் வெளிநாட்டவர் குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையோடு வீடு வாங்கலாம் என்று துபாய் கதவைத் திறந்தது. 2006-ல் அது முறையான சட்டமானது. பாம் ஜுமைரா மாதிரி கடலுக்குள் தீவு கட்டி விற்ற காலம். 2008 உலக நிதி நெருக்கடி வந்தபோது விலைகள் உச்சத்தில் இருந்து பாதிக்கும் கீழே சரிந்தன. 2009 நவம்பரில் அரசு நிறுவனமான துபாய் வேர்ல்டு, கடனைத் திருப்பிக் கட்ட அவகாசம் கேட்டது. அடுத்த மாதம் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கி விட்டது. பல திட்டங்கள் மணல் மேடாகவே நின்றன.

மீண்டது. 2014-ல் மீண்டும் உச்சம். பிறகு 2020 வரை இறக்கம்தான். கோவிட்டுக்குப் பின் வந்த ஏற்றத்தைத்தான் இன்றைய ரீல்கள் காட்டுகின்றன. கிராஃப் எப்போதும் 2020-ல் இருந்துதான் தொடங்கும், கவனித்திருக்கிறீர்களா? 2025 மே மாதத்தில் ஃபிட்ச் ரேட்டிங்ஸ் நிறுவனம், புதிய வீடுகள் ஏராளமாகச் சந்தைக்கு வரவிருப்பதைச் சுட்டிக்காட்டி, விலை 15% வரை இறங்கலாம் என்று கணித்தது. கணிப்பு பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். 20% மட்டும் போட்டு வாங்கியவருக்கு 15% இறக்கம் என்றால் என்ன ஆகும் என்பதற்குக் கணிப்பு தேவையில்லை, கால்குலேட்டர் போதும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2008-ன் துபாய் வேறு, இன்றைய துபாய் வேறு. வாங்குபவர்கள் கட்டும் பணம் திட்டத்துக்கென்று தனியாக உள்ள எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போக வேண்டும் என்பது 2007-ம் ஆண்டுச் சட்டம். கட்டி முடிக்காத வீடுகளும் நிலத் துறையின் தற்காலிகப் பதிவேட்டில் ஏற வேண்டும். ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் ஒரு திட்டம் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று பார்க்கலாம். சொத்து விளம்பரங்களில் அனுமதி எண் இருக்க வேண்டும். அது இல்லாத ரீலைத் தள்ளிவிட்டுப் போகலாம். வெளிப்படைத்தன்மையில் நம் ஊர் புறநகர் பிளாட் விற்பனையைவிட எவ்வளவோ மேல்.

வாடகை 7%, கையில் 4%

‘துபாயில் 7% ரென்டல் ஈல்டு, சென்னையில் 3%தான்’ என்பது அடுத்த அஸ்திரம். 6 லட்சம் திர்ஹம் ஃப்ளாட்டுக்கு 42,000 திர்ஹம் ஆண்டு வாடகை வருகிறது என்று அப்படியே ஒத்துக்கொள்வோம். அங்கே கட்டடப் பராமரிப்புக்கு சர்வீஸ் சார்ஜ் சதுர அடிக் கணக்கில். 400 சதுர அடிக்கு 15 திர்ஹம் என்றால் 6,000. ஆள் இல்லாத ஊரில் வாடகைக்காரரைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு ஒரு 3,000. மீதி 33,000.

துபாயில் தனிநபர் வருமான வரி கிடையாது. அதனால் ‘டாக்ஸ் ஃப்ரீ’ என்று விளம்பரம். ஆனால் இந்தியாவில் வசிப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி கட்ட வேண்டும். வாடகையில் 30% கழிவு போக 29,400 திர்ஹம். 30% வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 31.2%, சுமார் 9,170 திர்ஹம். கடைசியில் கையில் நிற்பது 23,800 சொச்சம். 7% என்றது 4% ஆகிவிட்டது, ஃப்ளாட் ஒரு மாதம்கூட காலியாக இல்லை என்றால்.

விற்று லாபம் வந்தாலும் இங்கே மூலதன ஆதாய வரி உண்டு. அந்த லாபத்தைப் போட்டு இன்னொரு துபாய் வீடு வாங்கி வரியைத் தவிர்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. விலக்கு வேண்டுமென்றால் புது வீடு இந்தியாவில் இருக்க வேண்டும்.

பணத்தைவிட அதிகம் பேரைச் சிக்க வைப்பது இன்னொரு தாள். வெளிநாட்டுச் சொத்து இருந்தால் வருமான வரிக் கணக்கில் ‘ஷெட்யூல் எஃப்.ஏ.’ என்ற பகுதியை ஒவ்வொரு ஆண்டும் நிரப்ப வேண்டும். வாடகையே வராவிட்டாலும், வரியே இல்லாவிட்டாலும். எளிமையான ஐ.டி.ஆர்.-1 படிவத்தை இனி தொட முடியாது. மறைத்தால், 2015-ம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம். 2024 அக்டோபரில் இருந்து 20 லட்சத்துக்குக் குறைவான வெளிநாட்டுச் சொத்துகளுக்குக் கொடுத்த சலுகை பங்குகள், வங்கிக் கணக்கு மாதிரியானவற்றுக்குத்தான். வீட்டுக்கு இல்லை.

ரூபாய் சரியும்போது திர்ஹம் சொத்து பாதுகாப்பு என்ற வாதம் மட்டும் மிஞ்சுகிறது. அது உண்மையான வாதம். ஆனால் திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது. டாலரில் முதலீடு வேண்டும் என்றால், அதே எல்.ஆர்.எஸ்ஸில், 10 லட்சத்துக்குள், டி.சி.எஸ். இல்லாமல், வேண்டாம் என்றால் ஒரே நாளில் விற்றுவிடக்கூடிய அமெரிக்க இண்டெக்ஸ் ஃபண்டுகள் இருக்கின்றன. ரீலில் புர்ஜ் கலிஃபா வராது, அவ்ளோதான்.

விசா, வாரிசு

கோல்டன் விசா என்ற பெயரில் நடக்கும் வியாபாரம் தனி. சொத்து வழியாகப் பத்தாண்டு கோல்டன் விசா பெற 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து வேண்டும். நம் 6 லட்சம் ஸ்டூடியோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2025 ஜூலையில் ‘23 லட்சம் ரூபாய்க்கு வாழ்நாள் கோல்டன் விசா’ என்று செய்தி பறந்தது. ஐக்கிய அரபு அமீரக அரசே அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தது. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எந்த விசாவாக இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது.

உயில் பற்றி முப்பது வயதில் யார் யோசிப்பார்? 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் பாதி வாழ்க்கைத் துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகனின் சொத்தில் அம்மாவுக்கும் பங்கு உண்டு. அங்கே பிள்ளைகள் இருந்தால் அம்மா கணக்கில் வர மாட்டார். முஸ்லிம்களுக்கு ஷரியத் முறை. சொந்த நாட்டுச் சட்டத்தைப் பின்பற்றும்படி கேட்க வழி இருக்கிறது, ஆனால் சான்றொப்பம், அரபு மொழிபெயர்ப்பு என்று அலைய வேண்டியது துக்கத்தில் இருக்கும் குடும்பம். உயில் எழுதிப் பதிவு செய்ய துபாயில் டி.ஐ.எஃப்.சி. மையம் இருக்கிறது. அதற்கும் கட்டணம் உண்டு.

அங்கேயே வாழ்பவருக்கு

இதே கணக்கை தேராவிலோ கராமாவிலோ வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் போட்டால் விடை மாறுகிறது. சம்பளமே திர்ஹம். எல்.ஆர்.எஸ்., டி.சி.எஸ். எதுவும் இல்லை. முதல் வீடு 50 லட்சம் திர்ஹத்துக்குள் என்றால், அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு விலையில் 80% வரை வங்கிக் கடன் தர மத்திய வங்கி விதி அனுமதிக்கிறது. வாடகைச் சுமையும் லேசானது இல்லை. ஒருவர் கொடுக்கும் வாடகை சந்தை நிலவரத்தைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால், புதுப்பிக்கும்போது 20% வரை ஏற்றலாம் என்று விதியே இருக்கிறது. வீட்டை விற்கப் போகிறேன் என்று உரிமையாளர் 12 மாத நோட்டீஸ் கொடுத்தால் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் பள்ளி மாற வேண்டும்.

அவர் கட்டி முடித்த ஒரு வீட்டை வாங்கி அதில் குடியேறினால், கட்டுவது வாடகைக்குப் பதிலான தவணை. பின்னாளில் தஞ்சாவூருக்கோ ராமநாதபுரத்துக்கோ திரும்பி வந்தாலும் பிரச்னை இல்லை: வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்க ஃபெமாவின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. திரும்பி வந்து இங்கே முழுமையாக வசிப்பவர் ஆன பிறகு ஷெட்யூல் எஃப்.ஏ. நிரப்ப மறக்காமல் இருந்தால் சரி. அவருக்கும் வேலை போகும் பயம் உண்டு. ஆனால் குடியிருக்கிற வீட்டை அவர் வாடகைக்கு விடலாம், அந்த ஊர் வங்கியில் போய் உட்காரலாம். சென்னைக்காரர் கையில் இருப்பது இன்னும் ஜன்னல் பொருத்தாத பதினேழாவது மாடியின் படம்.

அடுத்த ஷோவுக்குப் போகிறவர் மினியேச்சர் கட்டடத்தை செல்ஃபி எடுத்த பிறகு அந்த இளைஞரிடம் விற்பனை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம். பணம் கட்டத் தவறினால் என்ன நடக்கும் என்ற பத்தி அதில் கண்டிப்பாக இருக்கும். “அதெல்லாம் புக்கிங் ஆனதும் மெயில் பண்ணிடுவோம் சார்” என்று பதில் வந்தால், ஹோட்டல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். காபி இலவசம்தான்.